ஊரே நலம், அதுதான் பிரச்சினை

அன்பு மச்சான் நௌஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் தில்லையடியில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே தீவில் நாங்கள் எல்லோரும் சுகம். அந்த அநியாயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாலு மாதத்தில் ஒன்பது மனுப் போட்டு, சீனி வருத்தக்காரர் நாற்பது பேர் என்று நீரிழிவுப் பட்டியலும் கொடுத்து, நடமாடும் கிளினிக்கைப் படகில் வரவழைத்தேன் அல்லவா? வியாழக்கிழமை வந்தார்கள். அதற்கு முன் பள்ளிவாசல் மைக்கில் நான் சொன்னது இவ்வளவுதான்: "டொக்டர்மார் வாறாங்க, ஊர்ட மானத்தக் காப்பாத்துங்க." குப்பையைக் கூட்டச் சொன்னேன் மச்சான்! இவர்களோ பரீட்சையில் பாஸாகக் கிளம்பிவிட்டார்கள். நாற்பது பேரும் இரண்டு நாள் நோன்பு, திறப்பதற்குப் பாவற்காய்ச் சாறு, மிச்சம் பிடித்த மருந்துக் குளிசையெல்லாம் ஒரே விழுங்கு. விரலில் குத்தினால் எல்லோருக்கும் நல்ல சீனி இலக்கம், கைதட்டல் வேறு! டொக்டர் நிரூபா என்னைப் பார்த்து, "ஐயா, இஞ்ச நோயாளியே இல்லையே. இனிப் படகை வேற ஊருக்கு விடுவம்" என்றார்.

அதைவிட அதிர்ச்சி உங்கள் ராத்தா, என் வீட்டுக்காரி கமறியா. அவளுடைய ஆறாத காற்புண்ணுக்காகத்தானே நான் மனு எழுதவே தொடங்கினேன்! அவளோ மகள் ரிஃப்காவின் பெருநாள் சப்பாத்துக்குள் காலை நுழைத்துப் புண்ணை மறைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். ஏன் என்று கேட்டால், "பள்ளிவாசல் செயலாளர்ட பொஞ்சாதிக்கே சீனி எண்டா ஒங்களுக்குத்தானே வெக்கம்?" அந்தக் காலோடு ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை கடல் கடப்பாள்? பயமாக இருக்கிறது மச்சான்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தெரியும்தானே. டொக்டர்மாருக்குச் செய்த இனிப்பு வட்டிலப்பத்தில் மூன்று கோப்பை பதம் பார்த்துவிட்டு, மரியாதைக்காகக் கடைசியில் நானும் விரலை நீட்டினேன். இலக்கத்தைக் கேட்க நிற்கவுமில்லை.

நீங்கள் சுகாதார அலுவலகத்தில் இருக்கிறீர்கள். நாங்கள் எல்லோரும் நோயாளிகள்தான், என்னைத் தவிர, என்று டொக்டரை எப்படியாவது நம்பவையுங்கள். வரும்போது மஸ்கட் இனிப்பு இரண்டு பெட்டி கொண்டு வாருங்கள்.

பிள்ளைகளுக்கு என் துஆ எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
மச்சான் பதுர்தீன்

பி.கு: கடிதத்தை ஒட்டும்போது கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி போன் எடுத்தார். என் சீனி நானூற்றுப் பன்னிரண்டாம். ஊரில் எனக்கு மட்டும் எப்படி என்று கேட்டார். நோன்பு, பாவற்காய், சப்பாத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி மாதாமாதம் படகு வரும், நாள் மட்டும் சொல்லமாட்டார்களாம். கமறியா சப்பாத்தை மகளிடம் கொடுத்துவிட்டு அரைமணி நேரமாகச் சிரிக்கிறாள். டொக்டரிடம் ஒன்றும் பேச வேண்டாம். மஸ்கட்டும் வேண்டாம். பாவற்காய் இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.