ரேடியேட்டர் குடித்த தண்ணீர்

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். பிறகு டிரைவரின் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். அதிலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது.

"கிட்னி ரெண்டும் காஞ்சு கிடக்கும்மா. ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி உள்ளே போகணும். இப்படியே விட்டா ஒரு வருஷம் தாங்கும். அப்புறம் டயாலிசிஸ் மெஷின்தான்."

டிரைவருக்கு டிப்போவில் ஒட்டகம் என்று பெயர். சும்மா வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறார். ஏற நாலு மணி நேரம், இறங்க நாலு மணி நேரம். வண்டியில் ஏறி உட்கார்ந்தால் ஷெட்டுக்குத் திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடமாட்டார். குடித்தால் இறங்கவேண்டி வரும். பாதி வழியில் ஒரு டீக்கடையில் வண்டி நிற்கும்தான். பயணிகள் நாலு பேர் புதர்ப்பக்கம் ஒதுங்குவார்கள். காக்கிச் சட்டை போட்டவர் ஒதுங்க முடியுமா? டீக்கடை அம்மாவின் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. அவளிடம் போய், "அம்மா, கொஞ்சம் பாத்ரூம்" என்று கேட்பதா? அதற்குப் பதில் மலையிலிருந்து குதித்துவிடலாம் என்பது அவர் கட்சி.

வீட்டுக்கு வந்ததும் மனைவி இரண்டு ஸ்டீல் பாட்டில்களை எடுத்து வைத்தாள். தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி ஊற்றினாள். "இது நிறைஞ்சு போகணும், காலியா வரணும். நடுவுல நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

சத்தியம் ஒரே ஒரு நாள் நின்றது. அன்றைக்கு அரை பாட்டில் குடித்தார். பதினோராவது வளைவில் அது தன் வேலையைக் காட்டிவிட்டது. மீதி வளைவுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து அவர் ஓட்டியதைக் கண்டு, டிரைவருக்கு நெஞ்சுவலியோ என்று முன்சீட்டுக்காரர் பயந்தே போனார்.

மறுநாள் டீக்கடையில் வண்டி நின்றபோது வழி தானாகக் கிடைத்தது. வண்டி பழையது. ரேடியேட்டர் ஒழுகல். அந்த நிறுத்தத்தில் கண்டக்டர் கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைவது வழக்கம். ஒட்டகம் ஈரத்துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார். இரண்டு பாட்டிலையும் கவிழ்த்தார். காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டிய தண்ணீர் குடித்த பஸ் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

மனசாட்சி உறுத்தாமல் இல்லை. ஆனால் வண்டி விஷயத்தில் அவருக்கு ஒரு பக்தி உண்டு. புதிதாகச் சேரும் டிரைவர்களைக் கூப்பிட்டுவைத்துப் பாடம் எடுப்பார். சூடு ஏறுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றவேண்டும், ஏறிய பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் இன்ஜின் திரும்பாது என்பார்.

பத்து நாள் பாட்டில்கள் காலியாக வந்தன. மனைவி சொன்ன சொல் தவறவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் உதடு வெடித்திருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் டீக்கடையைத் தாண்டி வண்டி ஏற்றத்தில் முக்கியபோது, பஸ் முழுக்க எலுமிச்சம்பழ வாசனை கமகமத்தது. கண்டக்டர் மூக்கை உறிஞ்சினான். ஒட்டகத்துக்குப் புரிந்துவிட்டது. புருஷனுக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று பிழிந்து விட்டிருக்கிறாள், பாவம். சாயங்காலம் பாராட்டிவிடவேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

பாராட்டினார். "எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருந்தியே, அமிர்தம்" என்றார்.

"சக்கரை போதுமா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு. தித்திப்பு நாக்கிலேயே நிக்குது."

அவள் பாட்டிலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "சக்கரை எங்கே போட்டேன்? உப்பில்ல போட்டேன். பாட்டிலுக்கு ரெண்டு கை."

"உப்பா? அடிப்பாவி, ரேடியேட்டர் அரிச்சுப் போயிடுமேடி!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தன் வாயாலேயே கெடும் தவளையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் தானே அந்தத் தவளை ஆனார்.

அவள் கத்தவில்லை. பாட்டிலைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உப்பும் போடலை, சக்கரையும் போடலை. வெறும் எலுமிச்சம்பழம்தான். பயப்படாதீங்க, உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் தரையைப் பார்த்தார்.

"இன்னைக்கு உங்க சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றாள். அந்தச் சிநேகிதர் இவருக்கு முன்னால் அதே பாதையில் பஸ் ஓட்டியவர். அவரும் ஒட்டகம்தான், இவருக்கு அந்தப் பேரையே விட்டுப்போனவர். இப்போது வாரம் மூன்று நாள் மெஷினில் படுக்கிறார். "ஒரு நாளைக்கு மூணு டம்ளருக்கு மேல அவருக்குத் தண்ணி தரக்கூடாதாம். உடம்பு வெளியே தள்ளாதாம். அவர் சம்சாரம் தண்ணிப் பானையைப் பூட்டி வச்சிருக்கா. குழாயில சொட்டுற சத்தம் கேட்டா மனுஷன் அழறாருங்க. குடிக்க முடிஞ்சப்போ குடிக்கலை, இப்போ குடிக்க விடமாட்டேங்கறாங்கன்னு என்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கும் அப்படிப் பானையைப் பூட்டுற வேலை வச்சிடாதீங்க."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. ஒட்டகத்துக்குப் பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பாத்ரூம் கேட்கக் கூச்சப்பட்டு உயிரை விடப்போனேன் என்பதை எப்படிச் சொல்வது? இருந்தாலும் சொன்னார். அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மடமடவென்று குடித்தார்.

மறுநாள் டீக்கடையில் வண்டி நின்றது. ஒட்டகம் இறங்குவதற்குள் டீக்கடை அம்மா எதிரே வந்தாள். "பின்பக்கம் கதவு திறந்தேதான் இருக்கு, கூச்சப்படாம போய்ட்டு வாங்க. உங்க வீட்டு அம்மா காலையிலேயே போன் பண்ணிட்டாங்க" என்றாள். இருபத்திரண்டு வருஷமாக மலை போல் நின்ற விஷயம் இரண்டு நிமிஷப் போனில் தீர்ந்திருந்தது.

போய்விட்டு வந்து, கண்டக்டர் பார்க்கக் கால் பாட்டில் குடித்தார். தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மீதியைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டார். இரண்டு விசில் வந்தால் வண்டியை எடுக்கவேண்டும். விசில் இல்லாமல் வண்டி எடுத்தவர் என்ற பேர் அவருக்கு இன்றுவரை கிடையாது.

விசில் வரவில்லை. காத்திருந்தார். கண்ணாடியில் பார்த்தார். ஐம்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தான்.

"பாட்டில் காலியானாத்தான் விசில்னு அண்ணி கண்டிப்பாச் சொல்லிட்டாங்க அண்ணே."