பரம்பல் போட்டுப் பார்ப்பவர்

மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். மடிக்கணினியைத் திறக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகம் கண்டியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இப்போது மளமளவென்று பெருகி வருகிறது.

அடையாளம் காண்பது எளிது. "கல்யாணத்துக்கு வருவீங்களா?" என்று கேளுங்கள். "எழுவத்தி ரெண்டு வீதம்" என்பார். வந்தும் விடுவார். ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே சஹன் தட்டில் கைவைக்கும்போது, பெரிய இறைச்சித் துண்டு தன் பக்கம் வருவதற்கான நிகழ்தகவை மனதுக்குள் கணக்கிடத் தொடங்குவார். விடை வருவதற்குள் துண்டு போய்விடும்.

கணிதத்தில் பெரிய புலி போலும் என்று நினைக்காதீர்கள். உயர்தர வகுப்பில் செவ்வன் பரம்பல் என்ற நிகழ்தகவுப் பாடம் நடந்தபோது இவர் கடைசி வாங்கில் உட்கார்ந்து கிரிக்கெட் அணி பிரித்துக்கொண்டிருந்தவர். இப்போது பைதன் என்ற கணினி மொழியில் ஒரு லைப்ரரி கைக்குக் கிடைத்திருக்கிறது. கெட்டிக்காரர்கள் யாரோ பாடுபட்டு எழுதி, செவ்வன், ஈருறுப்பு, அடுக்குக்குறி என்று வகை வகையாகப் பரம்பல்களை அதில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேண்டிய பெயரை எழுதி, அடைப்புக்குள் இரண்டு எண்களைப் போட்டால் விடை வந்து விழும். எந்த எண் எதற்கு என்று விளக்கமும் உண்டு. அதை யார் வாசிக்கிறார்கள்? தசமத்துக்குப் பின்னால் எட்டு இலக்கம் வருகிறதே, அது போதாதா?

எங்கள் அக்குறணையில் இந்த ரகத்தின் சிறந்த மாதிரி அஸ்ஃபர் நானா. நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். ஓடை நிரம்புகிறது என்றதும் கடைக்காரர்கள் எல்லாரும் சாமானை மேல் தட்டுக்கு ஏற்றினால், இவர் மட்டும் கீழ்த் தட்டில் மடிக்கணினியை வைத்து வெள்ளத்துக்கு வளைவு கீறுவார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அதுதான் ஆபத்து.

அவருடைய தங்கச்சி ரிப்காவுக்குப் போன மாதம் கண்டியில் ஒரு நேர்முகப் பரீட்சை. படிப்பு முடிந்து அவளுக்கு வந்த முதல் அழைப்பு. பிந்தி வந்தால் உள்ளே எடுக்க மாட்டோம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்கள். காலையிலேயே மழை. பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்க இடமில்லை. எதிரே மஹ்மூத் நானாவின் தேத்தண்ணிக் கடையில் மடிக்கணினியோடு அஸ்ஃபர் நானா.

"ரிப்கா, ஏன் நனையிறாய்? உள்ளுக்கு வா. பஸ் சராசரியாப் பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா வருது. அடுக்குக்குறிப் பரம்பல் போட்டுப் பாத்துட்டேன். இன்னும் பத்து நிமிசத்துக்குள்ள வாறதுக்கு நிகழ்தகவு எவ்வளவு தெரியுமா?"

"எவ்வளவு?"

"பூச்சியம்!"

"பூச்சியமா? வரவே வராதா?"

"கம்பியூட்டர் சொல்லுது. நானா சொல்லல்ல."

பாவம், அவளும் நம்பினாள். தேத்தண்ணி வந்தது. ஊதி ஊதி இரண்டு மிடறு குடித்திருப்பாள். மாத்தளையில் இருந்து வந்த பஸ் எதிரே நின்றது.

"நானா, பஸ்!"

"அது வேற பஸ்ஸா ஈக்கும்."

"கண்டி எண்டு போர்டு போட்டிருக்கு!"

"ஏலாது. நிகழ்தகவு பூச்சியம்."

மஹ்மூத் நானா கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப அந்தப் பூச்சியந்தான் இப்ப ஹோன் அடிக்குது. ஓடு புள்ள!"

ரிப்கா சான்றிதழ்க் கோப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சேற்றில் பாய்ந்தாள். பஸ் நகர்ந்துவிட்டது. மஹ்மூத் நானா கையில் இருந்த கரண்டியால் தகரத் தட்டில் அடித்த அடியில் தெரு முழுவதும் திரும்பியது. கொண்டக்டரும் திரும்பினார், பஸ் நின்றது. இல்லாவிட்டால் அந்த வேலை அன்றே வேறு ஒருவருக்குப் போயிருக்கும். அவள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். காற்சட்டையில் முழங்கால்வரை சேறு. வேலை கிடைத்தது.

அன்று பின்னேரம்தான் அஸ்ஃபர் நானா முதல்முறையாக விளக்கத்தை வாசித்தார். சராசரி என்று நினைத்துப் பதினைந்தை அவர் போட்ட இடம், தொடக்கத்துக்கான இடம். "பதினைந்து நிமிடம் ஆகும்வரை எதுவுமே நடக்காது" என்று லைப்ரரிக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். அது பணிவோடு அதையே திருப்பிச் சொல்லியிருக்கிறது. மனிதர் வெட்கப்பட்டார். தங்கச்சியிடம் மன்னிப்பும் கேட்டார். எப்படி? "சரியாப் போட்டா நாப்பத்தி ஒம்பது வீதம் வருது" என்று.

சிரிக்கிறீர்கள். நல்லது. நாம் அப்படி இல்லை என்று தலையையும் ஆட்டுகிறீர்கள். திரையில் வந்த விடையை வாசலில் நிற்கிற உண்மையைவிடப் பெரிதாக நீங்கள் ஒருநாளும் நம்பியதில்லை, அப்படித்தானே? எத்தனை வீதம் நிச்சயம்?

நூறா?

அன்று காலை அஸ்ஃபர் நானாவும் அவ்வளவு நிச்சயமாகத்தான் இருந்தார்.