கருப்பட்டி பன்னும் ஒரு சாட்சியும்

கருப்பட்டி சர்க்கரை அல்ல என்றொரு கருத்து நம் மக்களிடையே நிலவுகிறது. பூமி தட்டை என்ற பழைய கருத்தைவிட இது ஆபத்தானது. ஏனென்றால் தட்டையான பூமியை யாரும் காப்பியில் போட்டுக் குடித்ததில்லை. பனையிலிருந்து இறங்கினாலும் கரும்பிலிருந்து பிழிந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். நிறம் கறுப்பு என்பதால் ஒரு பொருளுக்கு ஒழுக்கம் வந்துவிடாது. வக்கீல்களைப் பார்த்தாவது நாம் இதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சிட்லபாக்கத்தில் இதைச் சந்தேகமில்லாமல் அறிந்தவர் ஜீவரத்தினம். பள்ளியில் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவர். ரத்தத்திலும் சர்க்கரை இருந்ததால் விஷயத்தை உள்ளும் புறமும் அறிந்தவர்.

அவருக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இருந்ததில்லை. சாயங்காலம் டீயோடு ஒரு பன். விரல் வைத்தால் அமுங்கி எழ வேண்டும்; உள்ளே தேங்காய்ப் பூரணம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். டாக்டர், "இனிப்பைக் குறைங்க" என்றார். மனைவி சரோஜினி கணக்கு டீச்சராக இருந்தவள். குறைத்துக்கொண்டே போய்ப் பூஜ்யத்தில் நிறுத்தினாள். பிறகு சாயங்காலம் என்பது சும்மா இருட்டிக்கொண்டு வருவது என்று ஆயிற்று.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு பேக்கரியில் கொஞ்ச நாள் திருட்டுத்தனமாகச் சமாளித்தார். சரோஜினிக்குத் தெரிந்துவிட்டது. வேறொரு மனைவியாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள். ஆறியிருக்கும். சரோஜினி அவரை ஒரு ஜெபக்குறிப்பாகக் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு, வசனம், பிறகு யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஒருவர் மகனுக்கு வேலை, ஒருவர் மாமியாருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு விசா. அந்த வரிசையில், "சகோதரர் ஜீவரத்தினத்தின் இனிப்பு ஆசை." போலீசில் புகார் கொடுத்திருந்தால் ஒரு ஸ்டேஷனுக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஒருநாள் பஸ் பிடித்துப் பள்ளிக்கரணை வரை போனார். சதுப்பு நிலத்தைத் தாண்டி, முன்பின் தெரியாத ஒரு கடை. பன்னைக் கையில் எடுத்தாயிற்று. பின்னாலிருந்து ஒரு குரல்: "அங்கிள், உங்களுக்காக டெய்லி ப்ரே பண்றோம் அங்கிள்."

பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த கூட்டம் அவர் வீட்டில். அதை எண்ணியபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்காரர்கள். இனிப்பு பன் கொடுத்தால் தொடமாட்டார்கள். ஆகவே பன் மிஞ்சும். ஜெபக்கூட்டத்துப் பண்டத்தைக் குப்பையில் போடுவது பாவம். வீட்டில் ஒரு பாவம் நடக்கவிருந்தால் அதைத் தடுக்க வேண்டியது யார்? குடும்பத் தலைவர்.

"சரோ, வெள்ளிக்கிழமைக்கு நானே பன் பண்ணலாம்னு இருக்கேன்."

"நீங்களா? வெந்நீர் வச்சாலே அடிப்பிடிக்கும் உங்களுக்கு."

"யூடியூப்ல பார்த்தேன். ஹெல்த்தி. வெள்ளைச் சர்க்கரையே கிடையாது. பூரணம்கூடப் பேரீச்சம்பழம், தேங்காய், கருப்பட்டிதான்."

"கருப்பட்டியும் சர்க்கரைதானே? போன மாசம் ஆபேல் அண்ணனை நிக்க வச்சு கிளாஸ் எடுத்தீங்களே?"

அறிவை விற்றுத்தான் சில பொருள்களை வாங்க முடிகிறது. "அது வேற, இது வேற," என்றார் ஜீவரத்தினம். "இதுல நார்ச்சத்து இருக்கு."

"யாருக்கு இந்த நார்ச்சத்து?"

"வர்றவங்களுக்கு. நான் வாயில வைக்க மாட்டேன்."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட."

"சத்தியமா?"

"சத்தியம் பண்றது நம்ம வழக்கம் இல்ல."

"ரொம்ப சௌகரியம்," என்றாள் சரோஜினி. பிறகு, "சரி, பண்ணுங்க," என்றாள்.

இவ்வளவு சுலபமாகக் கிடைத்த அனுமதி அவரை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. பன் ஆசை கண்ணை மறைத்தது.

மகள் கல்யாணத்துக்கு வந்து, மகளோடு போகாமல் தங்கிவிட்ட ஓவன் ஒன்று பீரோ மேல் இருந்தது. அதை இறக்கினார். முதல் தடவை, கொதிக்கும் கருப்பட்டிப் பாகை அப்படியே ஈஸ்டின் மேல் ஊற்றினார். ஈஸ்ட் உயிருள்ள வஸ்து. செத்துப்போயிற்று. சூடு எதையெல்லாம் கொல்லும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மனிதரின் கையாலேயே.

வெந்து வந்த பன்னை சரோஜினி சமையல் மேடையில் ஒரு தட்டுத் தட்டினாள். மேடைக்கு வலித்தது.

"கவுன்சிலருக்கு ஒரு போன் போடுங்க. ஏரிக்கரை ரோட்ல பள்ளம் கிடக்குது. நாலு லோடு எடுத்துப்பாரு."

மனிதர் விடவில்லை. மறுநாள் பாகை ஆறவைத்து ஊற்றினார். ஒரு கரண்டி மாவைப் பாலில் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்த்தார். பன் மெத்தென்று வருவதற்கு அதுதான் ரகசியம் என்று யூடியூப் அம்மாள் சொல்லியிருந்தாள். ஈரத்துணி போட்டு மூடினார். திறந்து பார்த்தபோது மாவு இரண்டு மடங்காகி, விரலால் குத்தினால் மெல்லப் பெருமூச்சு விட்டது. ஜீவரத்தினமும் விட்டார்.

வெள்ளிக்கிழமை வீடெல்லாம் வாசனை. ஒவ்வொரு பன்னும் தொட்டால் அமுங்கி எழுந்தது. சரோஜினி சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு நகராமல் நின்றாள்.

"உப்பு, இனிப்பு யாராவது பாக்கணுமே," என்றார் தரையைப் பார்த்து.

"நான் பாக்கறேன்." ஒன்றை எடுத்துப் பிட்டாள். உள்ளே பூரணம் பளபளத்தது. கண்ணை மூடி மென்றாள். "சரியாத்தான் இருக்கற மாதிரி இருக்கு," என்று இன்னொன்றையும் எடுத்து உறுதி செய்துகொண்டாள். அவளுக்குச் சர்க்கரை கிடையாது. உலகம் அப்படித்தான் பங்கு வைத்திருக்கிறது.

கூட்டம் முடிந்து தட்டு வலம் வந்தது. முதல் கை பின்வாங்கியது. "சுகர், சார்." இரண்டாவது: "எனக்கு பார்டர்லைன்." ரயில்வேயில் ரிடையர் ஆன ஆபேல், "அய்யய்யோ, போன வாரம்தான் மாத்திரையை ஏத்தினாங்க," என்றார். ஒவ்வொரு மறுப்பும் ஜீவரத்தினத்தின் காதில் பாட்டாக விழுந்தது. தட்டு நிறைந்தே இருந்தது.

சமையலறையிலிருந்து சரோஜினியின் குரல் வந்தது.

"வெள்ளைச் சர்க்கரை ஒரு சிட்டிகைகூட கிடையாதுங்க. எல்லாம் கருப்பட்டி."

கூடம் மாறிப்போயிற்று.

"கருப்பட்டியா? முன்னாடியே சொல்லக் கூடாதா!" ஆபேல் இரண்டு எடுத்தார். "கருப்பட்டி சுகருக்கு நல்லதாச்சே!" என்ற மாதர் சங்கச் செயலாளர் டெபோரா, கணவருக்கென்று ஒன்றை டிஷ்யூவில் சுற்றினாள். பார்டர்லைன்காரர் எல்லை தாண்டினார்.

ஜீவரத்தினத்தால் தாங்க முடியவில்லை. கெமிஸ்ட்ரியைத் திரும்ப அழைத்தார். "ஆபேல் சார், கருப்பட்டியும் சர்க்கரைதான் சார். ஜாஸ்தி வேண்டாம்."

"சும்மா இருங்க சார். பண்ணினதே நீங்க. என்ன தாழ்மை, பாருங்க பாஸ்டர்!"

மூன்றாவதை எடுத்தார்.

கடைசியில் தட்டில் ஒரே ஒரு பன் நின்றது. கடைசிப் பண்டத்தை யாரும் எடுப்பதில்லை, அது வீட்டுக்காரருடையது. ஜீவரத்தினம் தட்டை மேசையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தார். எல்லோரும் செருப்பு மாட்டும் வரை பொறுத்தால் போதும்.

சரோஜினி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பாஸ்டர், கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சாட்சி சொல்லணும்."

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"இவருக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். எல்லாரும் ஜெபிச்சீங்க. இன்னைக்கு இவ்ளோ பன்னும் இவர் கையாலயே பண்ணது. ஒண்ணுகூட வாயில வைக்க மாட்டேன்னு இவரா சொன்னார். நான் பக்கத்துலயேதான் நின்னேன். வைக்கல."

"ஸ்தோத்திரம்!" என்றது கூடம்.

"ஆமாவா அண்ணா?" என்று நெகிழ்ந்து கேட்டாள் டெபோரா.

ஜீவரத்தினம் யோசித்தார். சொன்னது உண்மை. வைக்காததும் உண்மை. அவள் வாயிலிருந்து ஒரு பொய்கூட வரவில்லை. கூடத்தில் இருந்த ஒரே பொய் அவருக்குள் இருந்தது. அதை எழுந்து சொல்ல வேண்டும், அல்லது சும்மா எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நின்றார்.

பாஸ்டர் ஜேசன் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். இளைஞர், நீளமாக ஜெபிப்பவர். ஆபேல் ஒரு தோளையும் டெபோரா ஒரு தோளையும் பிடித்துக்கொண்டார்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது தட்டு காலி. சரோஜினி கடைசிப் பன்னை அலுமினியத் தாளில் மடித்துப் பாஸ்டரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். "உங்க வீட்டம்மாவுக்கு."

எல்லோரும் போனபிறகு ஜீவரத்தினம் தட்டைக் கழுவினார்.

"மிஞ்சும்னுதானே நெனச்சீங்க?" என்றாள் சரோஜினி பின்னாலிருந்து.

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"உங்களுக்குக் கெமிஸ்ட்ரி வரும். கணக்கு என் சப்ஜெக்ட்."

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் ஆபேல் வீட்டில். பன்னை ஜீவரத்தினமே சுட்டு எடுத்துப் போனார். எல்லோருக்கும் பன்னும் டீயும் கொடுத்தார்கள். அவருக்கு மட்டும், கேட்காமலே, ஒரு டம்ளர் வெந்நீர் வந்தது.