இனிமேல் யாரும் சார் இல்லை

திங்கட்கிழமையிலிருந்து மேலாளரை யாருமே கூப்பிடவில்லை.

"கையெழுத்து விழுந்துடுச்சுன்னா லாரி கிளம்பிடும்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார் கணக்காளர் அம்மா. "சாப்பாடு ஆச்சா?" என்று சுவரை விசாரித்தார் தையல் மாஸ்டர். யாரைக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே மேலாளருக்குத் தனி வேலையாகிவிட்டது.

எல்லாம் முதலாளியின் மகள் பொறுப்பேற்றதால் வந்த வினை. அந்த மெத்தை கம்பெனியில் தையல் பிசகினால்கூட ஒருவரும் வாய் திறப்பதில்லை. மெத்தை கடைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் விஷயமே தெரியும்.

"சார், மேடம் எல்லாம் இன்னியோட போச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் மனசு விட்டுப் பேசுவாங்க. இந்த மாற்றத்துக்கு நீங்கதான் பொறுப்பு, அங்கிள்" என்றாள் அவள்.

மேலாளர் தலையாட்டினார். உள்ளே சுருக்கென்றது. பழைய வேலையில் எல்லாரையும் சார் போட்டே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். இங்கே மேலாளராகச் சேர்ந்த அன்று யாரோ "சார்" என்றபோது, பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தார். தன்னைத்தான் என்று தெரிந்ததும் வந்த அந்தச் சுகம் இப்போது போகப்போகிறது.

இருந்தாலும் மெஷின்களை நிறுத்திவிட்டுக் கூட்டம் போட்டார். "இனிமே தாராளமா என் பேரைச் சொல்லுங்க. கூச்சமே வேண்டாம்."

முதலாளி மகளை அன்று மாலையே பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் பூரித்துப்போனாள். மேலாளரைத்தான் யாரும் கூப்பிடவில்லை.

"என்னைக் கூப்பிடறவங்க உங்களை ஏன் கூப்பிடலை? மிரட்டி வெச்சிருக்கீங்களா?" என்றாள் அவள். "தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். இந்த வாரத்துக்குள்ள சரியாகலேன்னா இதுக்கு வேற ஆள்தான் பாக்கணும்."

மேலாளர் தையல் பிரிவுக்கு ஓடினார். "பேர் வரலேன்னா அண்ணன்னாவது சொல்லுங்கம்மா!"

அது வந்தது, தாராளமாக. "அண்ணே, தங்கச்சி வாய் விட்டுக் கேட்டா லீவு இல்லேன்னு சொல்லிடுவீங்களா?" மதியத்துக்குள் பாதித் தையல் பிரிவு அண்ணனிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. வயதில் மூத்த மாஸ்டரோ, "தம்பி, அந்த நூல்கண்டை எடுப்பா" என்றார். எடுத்துக் கொடுத்த பிறகுதான் மேலாளருக்கு உறைத்தது.

"உறவுமுறையும் கூடாது. பேர் மட்டும்தான்!"

அவ்வளவுதான். அதன்பிறகு அவரைக் கூப்பிடக் கைதட்டல், கனைப்பு, மேஜையில் கத்தரிக்கோல் தட்டும் சத்தம்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். ஆனால் குரலில் ஒரு பெருமிதமும் இருந்தது. "எம்மேல அவ்வளவு மரியாதை. நாக்கு எழும்ப மாட்டேங்குது, பாவம். எங்கே, நீ ஒரு தடவை என் பேரைச் சொல்லு பாக்கலாம்."

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை. கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பாஞ்சுகளின் கீழே நின்று மேலாளர் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்கு மெல்லச் சாய்ந்தது. தையல் பிரிவு மொத்தமும் எழுந்து நின்றது.

"ஏ... இந்தா... அங்க நிக்கறவங்க..."

மேலாளர் நிமிர்ந்தார். இத்தனை வாயும் தன்னை நோக்கித் திறந்திருக்கின்றன. கடைசியில் வரப்போகிறது! முகமெல்லாம் சிரிப்பாக, நகராமல், காத்து நின்றார்.

அடுக்கு அப்படியே அவர் மேல் சரிந்தது.

சரக்கு அறையைக் கவனிக்கும் ஸ்டோர்ஸ் அம்மாதான் முதலில் ஓடிவந்து ஸ்பாஞ்சுகளை விலக்கினார். அடி ஒன்றும் இல்லை. முதலாளி மகள் கொதித்துவிட்டாள். "ஒருத்தர்கூடவா பேரைச் சொல்லிக் கத்தலை? ஒரு மாற்றத்தை ஏத்துக்க இவ்வளவு பிடிவாதமா?"

"திட்டாதீங்கம்மா" என்றார் மேலாளர், தலையில் ஒட்டிய ஸ்பாஞ்சுத் துணுக்கோடு. கண் கலங்கியிருந்தது. "இது பிடிவாதம் இல்லை. எம்மேல வெச்சிருக்கிற மரியாதை."

ஸ்டோர்ஸ் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மரியாதை எல்லாம் இருக்குங்க. ஆனா உங்க பேர் என்னன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது, சம்பள ரிஜிஸ்டர்லகூட மேனேஜர்னுதான் இருக்கு... இத்தனை வருஷம் கழிச்சு அதை எப்படிக் கேக்கறதுன்னுதான் எல்லாரும் முழிச்சிட்டிருக்கோம்."