திருத்திய கட்டுரையில் என் வீட்டுக்காரர்

எழுதியதை யாரிடம் திருத்தக் கொடுத்தாலும் திருப்பி வாங்கும்போது ஒருமுறை முழுசாகப் படித்துவிட வேண்டும். நானும் படித்தேன். பாதி புரியவில்லை. ஆனால் அழகாக இருந்தது.

முத்தியால்பேட்டையில் ஸ்டெல்லா மிஸ் நடத்தும் சாயந்திர இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருந்தேன். 'என் கணவர்' என்று கட்டுரை எழுதிவரச் சொன்னார் மிஸ். செல்போனில் ஏஐயிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்.

'என் கணவர் நல்லவர், தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை' என்று ஆரம்பித்துச் சில வரிகள் எழுதிக் கொடுத்தேன். அது இலக்கணத்தைத் திருத்திவிட்டு, 'உணர்ச்சி போதவில்லை, உங்கள் சிரமங்களையும் சொல்லலாமே' என்றது. (எனக்கு என்ன பெரிய சிரமம்? உட்கார்ந்து யோசித்துத்தான் கண்டுபிடித்தேன்.) அவர் குறட்டையால் தூக்கம் கெட்டுக் கண் எரிகிறது, கிரிக்கெட் ஓடும்போது என்னிடம் பேசுவதில்லை என்று சேர்த்தேன். இன்னும் ஆழமாக்கட்டுமா என்று கேட்டது. ஆக்கு என்றேன். வந்ததை அப்படியே மிஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் மணி அடித்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கத்தியும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தார். வெளியே ஸ்டெல்லா மிஸ்ஸும் அவருடைய அக்காவும். அக்கா வக்கீல்.

"கத்திய கீழ வைங்க சார்" என்றார் அக்கா.

அவர் வைத்தார். மிஸ் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதம்மா. நாங்க இருக்கோம்."

"எதுக்கு மிஸ்?"

கட்டுரையைத் தமிழில் சொன்னார். நான் இரவெல்லாம் கண்ணீரோடு விழித்திருக்கிறேனாம். ஏறெடுத்தும் பார்க்காத ஒரு மனிதனின் மௌனத்தில் சிறைப்பட்டிருக்கிறேனாம்.

"அய்யோ, அவரு தங்கமானவரு மிஸ்."

"எல்லாரும் மொதல்ல இப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றார் அக்கா.

மறுக்க மறுக்க அவர்களுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுவிட்டேன். (அதோடு என் வீட்டுக்காரர் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.) கடைசியில் போனைத் தேடியெடுத்து, ஏஐ கைவைப்பதற்கு முன் நான் எழுதிக் கொடுத்ததையெல்லாம் காட்டினேன். மிஸ் படித்துவிட்டு அக்காவிடம் நீட்டினார். அக்காவும் படித்தார்.

"நீங்க கொறட்டை விடுவீங்களா சார்?"

"விடுவேன் மேடம்" என்றார் என் வீட்டுக்காரர், கூண்டில் நிற்பவர் மாதிரி.

அதன்பிறகு வகுப்புக்குப் போக எனக்கு முகமில்லை. மூலக்குளத்தில் இருக்கும் என் நாத்தனார் மட்டும் எந்த விசேஷத்திலும் விடுவதில்லை. "அண்ணி, இங்கிலீஷு எந்த அளவுல இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். "என்னைய ஜெயிலுக்கு அனுப்புற அளவுக்கு வந்துச்சு. அதோட நிறுத்திட்டா."