பழைய மோட்டார் சைக்கிளுக்கு உயிர் கொடுப்பவர்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. அதை விற்கிறவர்கள், அதன் மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள், இரவோடு இரவாகத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் வேறு வேறு வகை. இவர்களால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் கிடையாது. திருடன்கூட வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். நான் இங்கே அறிமுகப்படுத்துவது, எடுத்துக்கொண்டு வருகிறவரை. வேறு யாரோ சாகவிட்ட வண்டியைத் தேடிப் பிடித்து, அதைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்து, அதற்கு உயிர் கொடுக்கப் போவதாகச் சொல்கிறவரை.

இவரை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். விடுமுறை நாளில் தோளில் ஒரு அழுக்குத் துணி, பத்து விரலிலும் நகக்கண்ணில் கறுப்பு. கை கொடுக்கப் போனால் முழங்கையை நீட்டுவார். அந்த முழங்கையை நீட்டுவதில் அவருக்கு இருக்கும் பெருமை, அறுவை சிகிச்சை நடுவில் வெளியே வந்த மருத்துவருக்கும் இருக்காது. உள்ளே நோயாளி எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நோயாளி பதினைந்து டப்பாக்களில் இருக்கிறார்.

எங்கள் தெருவில் இப்படி ஒருவர் உண்டு. காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளர். தெருவில் அவருக்குப் பெயர் பிஸ்டன்.

ஒரு கோழிக் கொட்டகையில் அவர் அந்த வண்டியை முதன்முதலாகப் பார்த்தார். டேங்கின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கொட்டகைக்காரர், கோழி வேண்டுமானால் தருகிறேன், வண்டி எதற்கு என்று நல்ல மனதோடுதான் கேட்டார். பிஸ்டனுக்கு அது காதில் விழவில்லை. துருப்பிடித்த என்ஜினில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, “உள்ள உயிர் இருக்கு” என்றார். இந்த இனத்தார் எல்லோரும் முதல் சந்திப்பில் சொல்லும் வசனம் இது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று அவர் இவ்வளவு நேரம் கண்ணை மூடவில்லை என்று அவருடைய மனைவி பிற்பாடு சொன்னார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே பிரிக்கப்பட்டது. இதைக் குறைத்துப் பேசக் கூடாது. பிரிக்கும் வேலையை இவர்களைப் போல் வேகமாக, முழுமையாக, சந்தோஷமாகச் செய்கிறவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை. காலையில் வண்டியாக இருந்தது சாயங்காலம் ஒரு அறை நிறைய இரும்பாகிவிடும். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பிரித்து முடித்த பிறகு அது ஞாபகம் வந்தது. வந்ததும் எடுத்தார். முந்நூறு படங்கள். எல்லாவற்றிலும் ஒரு பழைய செய்தித்தாளின் மேல் ஒரு போல்ட்.

அதற்குப் பிறகு தொடங்குவதுதான் உயிர் கொடுக்கும் படலம். கார்புரேட்டரை எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொதிக்கவைத்தால் பளபளக்கும் என்று யாரோ சொல்ல, பால் காய்ச்சுகிற பாத்திரம் போனது. மண்ணெண்ணெய் வடிகட்ட மாவு சலிக்கிற சல்லடை போனது. சங்கிலியின் கண்ணிகளைத் தேய்க்க, குளியலறையில் இருந்த பல் துலக்கும் பிரஷ்களில் எது பழையது என்று தெரியாததால் எல்லாமே போயின. ஹெட்லைட் கிண்ணத்தின் துருவைத் தேய்க்கலாமா கூடாதா என்று ஒரு பருவம் முழுக்க யோசித்தார். ஏனென்றால், “துருகூட ஒரிஜினல்.”

மெக்கானிக்கிடம் கொடுத்தால் என்ன என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. “மெக்கானிக்கா? அவன் ஓட வெச்சுடுவானே தவிர, உயிர் குடுக்கத் தெரியாது” என்பார். ஓடாத வண்டிக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் உட்காரச் சொல்வார். உட்கார்ந்தால் போச்சு. உங்கள் மடியில் ஒரு சிலிண்டரை வைத்து, அது எந்த ஆண்டு வார்ப்பு என்று ஊகிக்கச் சொல்வார். நீங்கள் தப்பாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. சரியாகச் சொல்லிவிட்டாலும் கவலையில்லை, கேள்வியை மாற்றிவிடுவார்.

இவர்களுக்கு ஒரு சங்கமும் இருக்கிறது. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, என்ஜின் ஓசையை வாயாலேயே எழுப்பி, “இது நம்மளுது”, “இல்ல சார், நம்மளுதுல கொஞ்சம் அடித்தொண்டை ஜாஸ்தி” என்று கண் கலங்கப் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு வாசலில் வந்து நிற்பவை எல்லாம் கார்கள். பிஸ்டன் மட்டும் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய் இறங்குவார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. பொறுமைசாலி. ஒரே ஒரு கேள்வியை நேராகக் கேட்கும் பழக்கம் உள்ளவர். அந்தப் பழக்கம் இந்த வீட்டில் எடுபடவில்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

செத்த வண்டிக்கு உயிர் கொடுக்க, அதே மாதிரி இன்னொரு செத்த வண்டியை வாங்கி, அதிலிருந்து வேண்டிய பாகங்களைக் கழற்றிக்கொள்வது இவர்களிடம் உள்ள வழக்கம். பிஸ்டனும் அப்படி ஒன்றை வாங்கி வந்தார். வந்ததும் சும்மா இருந்தாரா? என்ஜினில் பொறித்திருந்த எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். பிறகு வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதல் வண்டியில் அந்த எண்கள் ஒத்துப்போகாது. அதாவது, அறுத்துப் பயன்படுத்த வாங்கி வந்தது அசல். உயிர் கொடுக்க வைத்திருந்தது கலப்படம்.

“இது எதுக்குங்க வாங்கினது?” என்று கேட்டார் மனைவி.

“பாகம் எடுக்க.”

“எடுத்தாச்சா?”

“இதுல கை வெக்கக் கூடாதும்மா. ஒரு ஸ்க்ரூகூட மாத்தாத வண்டி. பாவம் வந்து சேரும்.”

“அப்ப மொத வண்டி?”

“அதுக்குப் பாகம் வேணும்.”

“அதுக்கு என்ன பண்ணுவீங்க?”

“இன்னொரு வண்டி பாத்து வெச்சிருக்கேன்.”

முடிவிலித் தொடரை எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையில் விளக்கி வந்தவர் அவர். அது வீட்டுக்கே வந்து கீழ் அறையில் குடியேறும் என்று எதிர்பார்க்கவில்லை.

கீழ் அறை என்று சொன்னேன் அல்லவா? வீட்டின் தரைத்தளத்தில் இருக்கும் ஒரே படுக்கையறை அது. குளியலறையும் அதை ஒட்டித்தான். மற்ற படுக்கையறைகளுக்கு, வெளிப்பக்கமாகப் போகும் மாடிப்படியில் ஏற வேண்டும். இந்த நேரத்தில்தான், மனைவியின் அப்பா தான் தனியாக வாழ்ந்து வந்த வீட்டின் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை. படியேறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர், ஒரே மகள். அவர் வேறு எங்கே போவார்?

“ஏங்க, அடுத்த வாரம் அப்பாவ அனுப்பிடுவாங்களாம். கீழ் ரூம் வேணும்.”

“தாராளமா. அவரு எனக்கும் அப்பா மாதிரிதானே.”

“அப்ப வண்டி?”

“எந்த வண்டி?”

“ரெண்டும்தான்.”

பிஸ்டனின் முகம் தொங்கிப்போனது. “நகத்தக் கூடாத நேரமாப் பாத்துக் கேக்கறியே. என்ஜின் திறந்து கெடக்கு. ஒரு தூசி போனா அவ்வளவுதான்.”

“அப்பாவோட இடுப்பையும்தான் திறந்து மூடியிருக்காங்க.”

“அதுக்கு டாக்டருங்க இருக்காங்க. இதுக்கு நான் ஒருத்தன்தானே?”

அவரை ஈவு இரக்கம் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். யோசனைகள் சொன்னார். மாமாவைக் கூடத்துச் சோபாவில் படுக்கவைக்கலாம் என்றார். சோபா குட்டை என்றதும், நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கலாம் என்றார். கடைசியில், “ஆஸ்பத்திரியிலேயே நல்லாப் பாத்துக்கறாங்களே, என்ன அவசரம்?” என்றார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் குடும்பத்தில் பெரிய நெருக்கடி என்று ஒரு செய்தி போட்டார். உடனே பதில் வந்தது: “வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?”

மனைவி சண்டை போடவில்லை, அழவில்லை, அண்டை வீட்டாரைக் கூட்டி நியாயம் கேட்கவில்லை. கணவர் அலுவலகம் போயிருந்தபோது கீழ் அறைக்குப் போனார். ஒரு குவளைத் தண்ணீரைச் சுவரின் அடிப்பகுதியில் வீசினார். காயக் காய இன்னொரு குவளை. சாயங்காலம் அவர் வந்ததும் சாதாரணமாகச் சொன்னார்.

“சுவர்ல ஓதம் ஏறுதுங்க. டேங்க்ல பெயிண்ட் கொப்பளிக்குமோ என்னமோ.”

அவ்வளவுதான். ஒரு மனிதர் சட்டையைக்கூட மாற்றாமல் இவ்வளவு வேலை செய்து நான் பார்த்ததில்லை. எங்கே பத்திரமான இடம்? மாடியில் தம்பதியரின் படுக்கையறை. காற்றோட்டம் உண்டு, வெயில் நேராக விழாது. கட்டில் கழற்றப்பட்டு வெளியேற்றப்பட்டது. டப்பாக்கள் ஏறின, சக்கரங்கள் ஏறின, சட்டம் ஏறியது. கடைசியாக அந்த அசல் வண்டி. கீறல் படக் கூடாது என்று தலை முதல் கால் வரை வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடிக் கட்டி, சங்கத்தார் நான்கு பேர் நான்கு பக்கமும் தோள் கொடுத்து, வாய் பேசாமல், தலையைக் குனிந்தபடி வெளிப்படியில் மெல்ல மெல்ல ஏறினார்கள். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, மனைவியின் முன்னால் கைகட்டி நின்றார்.

“பெரியவர் எப்பம்மா தவறினாரு? நேத்துகூட நல்லா இருக்காருன்னீங்களே?”

“அவரு நல்லாத்தாங்க இருக்காரு. இது அவரோட எடத்த அடச்சிட்டிருந்தது.”

மேலேயிருந்து வியர்வை வழிய இறங்கி வந்த பிஸ்டன், காலியான அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பெருந்தன்மை பொங்கியது. “ரூம் சும்மாதானே கெடக்கு, மாமாவ இங்கயே படுக்க வெச்சுடலாம்” என்றார். டேங்குக்கு ஆகாத ஓதம் மாமனாருக்கு ஆகுமா என்று அவர் கேட்கவில்லை. மாமனாருக்குப் பெயிண்ட் இல்லையே! மறுநாள் முதல் அலுவலகத்தில், சங்கத்தில், முடிதிருத்தும் கடையில், “பெட்ரூமையே விட்டுக் குடுத்துட்டேன் சார், வேற வழி? பெரியவங்களாச்சே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை.

பெரியவர் வந்தார். மகள் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நாமும் நினைத்தோம். ஒன்றை மட்டும் மகள் கணக்குப் போடத் தவறிவிட்டார். இந்த இனத்தார் வாழ்நாள் முழுக்க எதைத் தேடி அலைகிறார்கள்? பாகமா? இல்லை. கேட்பதற்கு ஓர் ஆள். அதுவும் எழுந்து போக முடியாத ஆள்.

தினமும் சாயங்காலம் பிஸ்டன் மாடியிலிருந்து ஒரு பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போடுவார். “மாமா, இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்.” மாமா ஆரம்பத்தில் மரியாதைக்காகச் சொல்லிப் பார்த்தார். பிறகு தூங்குவது போல் கிடந்தார். கண்ணை மூடியிருந்தால் கவனமாகக் கேட்பதாகத்தான் பிஸ்டனுக்குப் படும். இரண்டாவது வாரத்தில் பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

“மாப்ள, நானும் நாப்பது வருஷம் பல்லு புடுங்கியிருக்கேன். ஆனா முப்பத்திரண்டையும் புடுங்கி டப்பாவுல போட்டுட்டு, உங்களுக்கு அழகான சிரிப்பு வரப் போகுது, கொஞ்சம் பொறுங்கன்னு யாரையும் வீட்டுக்கு அனுப்பினதில்ல.”

“அதாங்க மாமா, உங்களுதுல ஒரிஜினலுக்கு மதிப்பில்ல. செயற்கைப் பல்லு வெச்சுடுவீங்க” என்று சொல்லிவிட்டு, பிஸ்டன் அடுத்த பாகத்தை எடுத்தார்.

அன்று முதல் பெரியவர் நடைப் பயிற்சியில் இறங்கினார். காலையில் ஒரு தடவை போதும் என்று சொல்லியிருந்ததை மூன்று தடவை செய்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்விடுவார். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“இந்த வயசுல இவ்வளவு சீக்கிரம் யாரும் நடந்ததில்ல சார். என்ன மருந்து சாப்பிடறீங்க?”

“மருந்தெல்லாம் இல்லம்மா. மருமகன்.”

மகளுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிப்பதற்குள், பெரியவர் தன் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருங்கப்பா என்று எவ்வளவோ கெஞ்சினார். அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளத்தான் அவர் அத்தனை குவளைத் தண்ணீரையும் வீசியது. பெரியவர் மகளின் கையைத் தட்டிக்கொடுத்து, “இடுப்பு சேந்துடுச்சும்மா. காதுதான் போயிடும்போல இருக்கு” என்றார். மகள் கெஞ்சுவதை விட்டார். பிறகு உள்ளே போய்த் தன்னுடைய துணிகளையும் ஒரு பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாவோடு வாடகைக் காரில் ஏறிவிட்டார்.

பிஸ்டன் வாசலில் நின்று கை ஆட்டினார். கண்கூடக் கலங்கியிருந்தது. கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். கீழ் அறைச் சுவரில் ஓதம் காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துவிட்டு, அறையை அளவு நாடா வைத்து அளந்துகொண்டிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நம் வீட்டில் மோட்டார் சைக்கிளே இல்லையே என்ற தைரியம். மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் இந்த இனத்தில் சேர்ப்பார்கள் என்று யார் சொன்னது? பாதி மொழிபெயர்த்த புத்தகம் போதும். மீன் இல்லாத மீன்தொட்டி போதும். கற்றுக்கொள்ளப் போகிற வயலின், குடும்ப வரலாறு, மாடித் தோட்டம், எதுவாக இருந்தாலும் அனுமதி உண்டு. வீட்டில் எல்லோரும் ஒதுங்கி நடக்கிற ஒரு மூலை இருக்கிறதா? அதைப் பற்றி நீங்கள் வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கு அடுத்த அறையில் அவசர வேலை வந்துவிடுகிறதா? இல்லவே இல்லை, என்னுடையது வேறு மாதிரி என்கிறீர்களா? அது எப்படி வேறு மாதிரி என்பதை யாரிடமாவது விளக்கத் துடிக்கிறீர்களா? தாராளமாக விளக்குங்கள். கேட்கிறவரால் எழுந்து நடக்க முடியும் என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.