கெட்டி ஸ்பிரிங் அனுப்பிய மைத்துனருக்கு

திருவிடைமருதூர்,
ஐப்பசி, 1972

சென்னையில் மோட்டாரும் குடும்பமுமாகச் சௌக்கியமாக இருக்கும் சிரஞ்சீவி மைத்துனர் பஞ்சநதத்துக்கு, அத்தான் குஞ்சிதபாதம் ஆசி கூறி எழுதுவது. இங்கு உன் அக்கா மங்களாம்பிகை, மாடு கன்றுகள், நான் ஆகிய அனைவரும் மகாலிங்க சுவாமி கிருபையால் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் திட்டுவதற்காக அல்ல, நன்றி சொல்வதற்காக எழுதுகிறேன். தைரியமாக மேலே படிக்கலாம்.

நீ சோழவரத்தில் ஓட்டி அலுத்துப்போய் என் தலையில் கட்டினாயே, இரண்டே பேர் உட்காரும் அந்தப் பழைய ரேஸ் கார், அது வளைவில் திரும்பும்போதெல்லாம் பக்கத்து இலைப் பாயசத்தை எட்டிப் பார்க்கிறவன் மாதிரி சாய்கிறது என்று எழுதியிருந்தேன். நீயும் பொறுப்பாகப் பதில் போட்டாய். உங்கள் ஊர்ச் சாலைக்கு மெத்தென்ற ஸ்பிரிங்தான் சரி, சாய்வை நிறுத்த இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கிற ஸ்வே பார் என்ற கம்பியை நடுத்தரப் பருமனில் போட்டால் போதும் என்றாய். நான் கேட்டேனா? காசு கொடுத்து மெலிசானதை எவனாவது வாங்குவானா என்று, இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கும் தடித்த கம்பியும் அனுப்பச் சொன்னேன். கும்பகோணம் மெக்கானிக் அப்துல் ஹமீது இரண்டையும் மாட்டிவிட்டு, "இனிமே சாயாதுங்க. ஆனா உக்காரவும் முடியாதுங்க" என்றார். அவர் சொன்னது சத்தியம். வளைவில் கோடு போட்ட மாதிரி திரும்புகிறது. ஆனால் இடது சக்கரம் மாட்டுவண்டித் தடத்தில் இறங்கினால் அந்தக் கம்பி வலது சக்கரத்தையும் நீயும் வா என்று இழுக்கிறது. உன் அக்கா ஒரே ஒரு நாள் ஏறினாள். அன்றிலிருந்து கோயிலுக்கு நடந்துதான் போகிறாள். உடம்பு நன்றாக இளைத்திருக்கிறது, அதற்கும் உனக்கு நன்றி.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் குறுவை அமோக விளைச்சல். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, அரிவாளைத் தொட ஆளில்லை. அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரை மரக்கால் கூட்டிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்றது தொழிலாளர் சங்கம். நில உச்சவரம்பு, குத்தகைச் சட்டம் என்று ஏற்கெனவே நிலம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் நேரம், ஒரு பிடி கூடத் தர முடியாது என்று நான் முறுக்கிக்கொண்டேன். மழை பிடித்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். நானும் போச்சு, அந்தக் கூலியை நம்பியிருக்கும் வீடுகளும் போச்சு. கடைசியில் தாசில்தார் இரண்டு தரப்பையும் கும்பகோணத்துக்குப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால் மிராசுதாரின் மரியாதை என்ன ஆவது? வெறும் வண்டிதான் தூக்கிப் போடும், பாரம் ஏற்றினால் அடங்கிவிடும் என்பது நம் பக்கத்து மாடுகளுக்குக்கூடத் தெரியும். காரின் பின்பக்கம் இரண்டு மூட்டை நெல்லை ஏற்றினேன். வண்டி பசுவாகிவிட்டது. சாலைக்கு வந்தால், பஸ் வராமல் சங்கத் தலைவர் வீரையன் நின்றுகொண்டிருக்கிறார். அவரை நான் "வாங்க" என்று சொல்ல ஆரம்பித்துக் கொஞ்ச காலந்தான் ஆகிறது, வாய் இன்னும் முழுசாகப் பழகவில்லை. இருந்தாலும் "ஏறிக்குங்க, ஒரே எடத்துக்குத்தானே போறோம்" என்றேன். அவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல உக்கார்றதா, படுத்துக்கிறதாங்க?" என்று கேட்டு ஏறிக்கொண்டார்.

பாதி வழியில் செக்போஸ்ட். பர்மிட் இல்லாமல் நெல் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஏற்றியதை நான் நெல் என்றே நினைக்கவில்லை மாப்பிள்ளை, பாரம் என்றுதான் நினைத்திருந்தேன். மூட்டையைப் பார்த்த அதிகாரி, "ரேஸ் கார்ல கடத்துறீங்களா? ஜீப்புல துரத்துனா பிடிக்க முடியாதுன்னா?" என்றார்.

"இல்ல சார், ஸ்பிரிங் ரொம்பக் கெட்டி. அது அடங்கத்தான்..."

"யாரு குடுத்த ஸ்பிரிங்கு?"

"எங்க மாப்பிள்ளை அனுப்பினது."

"அப்ப அவரும் கூட்டா?"

உன் விலாசத்தைக் கேட்டார். கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும்.

அந்த நேரம் பார்த்து என் மூக்கில் ஒரு தூறல் விழுந்தது. காரோடு என்னைப் பிடித்து வைத்தால் பேச்சுவார்த்தை ஏது, அறுவடை ஏது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. வீரையன் மெதுவாகக் காரைவிட்டு இறங்கினார். "கடத்தல் நெல்லு இல்லீங்க. எங்க கூலி நெல்லு. கலத்துக்கு அரை மரக்கால் கூட்டித் தர்றேன்னு ஐயா ஒத்துக்கிட்டாரு. தாசில்தார் முன்னால அளந்து குடுக்கக் கொண்டுபோறோம். இல்லீங்களா ஐயா?" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். வீரையனும் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "ஆமாங்க" என்றேன்.

மிராசுதாரும் சங்கத்துக்காரரும் கூட்டுச் சேர்ந்து கடத்த மாட்டார்கள் என்று அதிகாரி எங்களை விட்டுவிட்டார். தாசில்தாரிடம் பேசுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை, காபி குடித்துவிட்டு வந்தோம். மறுநாளே ஆட்கள் வயலில் இறங்கினார்கள். பெருமழை பிடிப்பதற்குள் நெல் களம் சேர்ந்துவிட்டது. அந்த அரை மரக்காலை நானே அளந்து போட்டேன். கதிர் அறுத்த கண்ணாத்தாள் முந்தானையில் வாங்கிக்கொண்டு, "இத முன்னமே குடுத்திருந்தா ஒங்க இடுப்பாவது தப்பிச்சிருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் மனசு நிறைந்திருந்தது. நீ மட்டும் மெத்தென்ற ஸ்பிரிங் அனுப்பியிருந்தால் இந்நேரம் நெல் முளைத்திருக்கும், நானும் வீரையனும் முகம் பார்க்காமலே இருந்திருப்போம். அந்தக் கெட்டி ஸ்பிரிங்கை என் ஆயுள் உள்ளவரை கழற்ற மாட்டேன்.

நீயும் உன் வீட்டாரும் நோய் நொடியின்றி, நல்ல சாலைகளில் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்
குஞ்சிதபாதம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வீரையன் வந்துவிட்டுப் போனார். "சம்பா அறுப்புக்கும் பேச்சுவார்த்தை வருதுங்க. அதுவரைக்கும் அந்தக் கெட்டி ஸ்பிரிங்கை மாத்திப்புடாதீங்க. நானும் ஒங்க கூடவே கார்ல வர்றேன்" என்று மிகவும் பணிவாகச் சொன்னார். ஆகவே மெத்தென்ற ஸ்பிரிங்கை இன்றைக்கே லாரியில் போடவும். மேலே எழுதியிருக்கும் நன்றியை, அது வந்து சேர்ந்ததற்காகச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும்.